சித்தப்பா பையனுக்கு வாங்கிய கார்டு

நவம்பர் 3, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகாக இருக்க வேண்டும் என்று எதையும் சேர்க்க மாட்டேன். சங்கடமாக இருக்கிறது என்று எதையும் விட மாட்டேன். இதை நான் மட்டும்தான் படிக்கப் போகிறேன் என்பதால் பொய் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் பெயர் ஜெசிந்தா. பதினொன்றாம் வகுப்பு. ஊர் திண்டுக்கல். அப்பாவுக்கு ஓசூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா பெயர் பிலோமினா. நான் படிக்கும் பெண்கள் பள்ளியிலேயே கணக்கு டீச்சர். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் நான் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒருநாள் மறந்துபோய், "அம்மா, டவுட்டு" என்று கையைத் தூக்கிவிட்டேன். அந்த வாரம் முழுவதும் வகுப்பே எனக்குக் கேட்கிற மாதிரி "அம்மா, அம்மா" என்று கேலி செய்தது.

மாவு அரைத்தேன். நூலகப் புத்தகத்தில் நாற்பது பக்கம் படித்தேன். அம்மா ஏழு மணிக்கு விளையாட உட்கார்ந்தாள்.

இதையும் எழுத வேண்டும் அல்லவா? அம்மா கம்ப்யூட்டரில் விளையாடுவாள். சீட்டுக்கட்டு, மிட்டாய் அடுக்குவது மாதிரி இல்லை. நாலு பேர் ஒரு அணி, எதிரில் நாலு பேர், கையில் துப்பாக்கி. அப்பாவின் நண்பர் ஒருவருடைய மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன விளையாட்டுக் கம்ப்யூட்டர் அது. பெட்டி சின்னது, மிக்ஸியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். என் படிப்புக்கு என்றுதான் அப்பா வாங்கினார். எனக்குப் புத்தகம் போதும். அம்மா மதிப்பெண் பதிய உட்கார்ந்தவள், உள்ளே ஏற்கெனவே இருந்த விளையாட்டைத் திறந்து பார்த்தாள். இப்போது இணையத்தில் அவளோடு ஒரே அணியில் ஆடுகிற தூத்துக்குடி வளனுக்கும், ஈரோட்டுப் பையனுக்கும், இன்னொருவனுக்கும் அவள்தான் அக்கா.

"வளன், அந்தச் சந்துல போகாத. போகாதன்னா போகாத! கவனம் எங்க இருக்கு?"

வகுப்பில் சொல்கிற அதே 'கவனம் எங்க இருக்கு', அதே சத்தம்.

எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அம்மா உட்கார்ந்ததும் ஜன்னலைச் சாத்துவேன். கொசு வரும்.

நவம்பர் 5, புதன்

விளையாட்டைப் புதுப்பித்திருக்கிறார்களாம். அதிலிருந்து அம்மாவின் திரை நடுவில் நடுவில் உறைந்து நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு இறுதிப்போட்டி. எத்தனையோ அணிகள் கழிந்து, அம்மாவின் அணி முதல்முறையாக அதுவரை வந்திருக்கிறது.

அம்மா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினாள். "படம் வரைஞ்சு திரைக்கு அனுப்புறது இந்தக் கார்டு. பாவம், இதுக்கு மூச்சு வாங்குது. புதுசு போட்டா சரியாப் போயிரும்."

"கடையில கேட்டா குடுப்பாங்களா?"

"குடுப்பாய்ங்க. ஆனா நம்ம பொட்டி குட்டை. ரெண்டு விசிறி வச்ச கார்டுதான் உள்ள போகும். மூணு விசிறி வச்சத வாங்குனா முன்னாடி முட்டிக்கிட்டு நிக்கும்."

வடிவியல் நடத்தும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தேதி குறித்த கல்யாணம் மாதிரி சந்தோஷமாக இருக்கிறாள்.

நவம்பர் 6, வியாழன்

மழை. துணி காயவில்லை. சாப்பிடும்போதும் கார்டு பேச்சுதான்.

நவம்பர் 7, வெள்ளி

பள்ளி முடிந்ததும் இர்ஃபான் அண்ணன் கடைக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அதுதான் நல்ல கம்ப்யூட்டர் கடை. அண்ணனின் தங்கை ஷர்மிளா பானு என் வகுப்பு. கடையில் இருக்க மாட்டாள் என்று நினைத்தேன். கல்லாவில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் மிக்சரை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வாங்க டீச்சர், வாங்க," என்றார் அண்ணன். "என்னா, பிரிண்டர் மக்கர் பண்ணுதா?"

"இல்லப்பா. கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வேணும். கேம் ஆடுறதுக்கு."

ஷர்மிளாவின் கண் விரிந்தது. "கேமா! யாருக்கு மிஸ்?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "எங்க சித்தப்பா பையனுக்கு."

எனக்குச் சித்தப்பாவே கிடையாது. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா, பையனுக்குத்தான்," என்றாள்.

இது அம்மாவின் மரியாதைக்காகச் சொன்னது. பள்ளியில் தெரிந்தால் பிள்ளைகள் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் அவர்களோடு உட்காருகிறவள்.

அண்ணன், "பையன் என்ன மாதிரி கேபினெட், அதான் பொட்டி, வச்சிருக்கான்?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். எல்லாரும் வைத்திருப்பதுதான் என்று நான் சொன்னேன். "அப்ப இதக் கொண்டு போங்க டீச்சர். பசங்க எல்லாம் இதத்தான் கேட்டு உசுர வாங்குறாய்ங்க," என்று ஒரு பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். அம்மா அதைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். அதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். களைப்பாக இருக்கும், வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆறு பாடவேளை.

நவம்பர் 8, சனி

காலையில் அம்மா கையைக் கழுவி, துடைத்து, பழைய கார்டைக் கழற்றினாள். புதுக் கார்டைச் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். முன்பக்கத்து விசிறியில் இடித்தது. மூன்று விசிறி வைத்தது.

"போகாது ஜெசி," என்றாள். "தெரிஞ்சதுதான்."

"தெரிஞ்சா ஏம்மா வாங்குன?"

அம்மா பழைய கார்டையே திரும்ப மாட்டி, தகட்டை மூடிவிட்டு, பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று நானே பெட்டியைப் பையில் போட்டுக் கிளம்பினேன். கடையில் ஷர்மிளா மட்டும் இருந்தாள். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார்.

"என்னாடி, ஒங்க சித்தப்பா பையன் கார்டு போட்டானா? எப்படி ஓடுதாம்?"

"சூப்பரா ஓடுதாம்."

"பேரு என்னா அவனுக்கு?"

"ஆல்வின்."

ஏன் ஆல்வின் என்று தெரியவில்லை, வாயில் வந்தது. "ஆல்வின் என்னா படிக்கிறான்?" என்றாள். பாலிடெக்னிக் என்றேன். பை கனத்தது. ஒரு மவுஸ் பேடு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன.

கடை பூட்டியிருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மவுஸ் பேடை எடுத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

காலைப் பூசையில் எல்லாரும் நன்மை வாங்க, சாமியார் தருகிற நற்கருணை அப்பத்துக்கு, வரிசையில் போனார்கள். பொய்யை மனதில் வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்று நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லார் கண்ணிலும் படுவார்கள், அதுதான் கோயிலில் பெரிய கஷ்டம். முன் பெஞ்சு ரோசலின் பெரியம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்.

"ஏன் நன்ம வாங்கல?"

"வயிறு சரியில்லம்மா."

கோயில் வாசலில் நின்றுகொண்டு அந்தப் பொய்யையும் சொன்னேன்.

நாலு மணிக்கு அம்மா உட்கார்ந்தாள். நான் பின்னால் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் வளனின் குரல் வந்தது.

"அக்கா, புது கார்டு எப்படி? சும்மா பறக்குமே!"

"இல்ல தம்பி, பழசுதான். அளவு பாக்காம வாங்கிட்டேன். என் தப்பு."

"நீங்களா? எங்களுக்கே அளவு சொல்லித் தர்ற ஆளுல்லா நீங்க!"

"வயசாகுதுல்ல," என்றாள் அம்மா. மூவரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

முதல் சுற்றில் ஜெயித்தார்கள். அடுத்ததில் தோற்றார்கள். கடைசிச் சுற்றில் பாலத்துக்குப் பின்னால் அம்மா காவல் இருக்க வேண்டும், மற்ற மூவரும் அவளை நம்பி முன்னால் போனார்கள். அப்போது திரை நின்றது. அம்மா மவுஸை அசைத்தாள், விசைகளைத் தட்டினாள். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. "அக்கா, பின்னாடி வாறான்! அக்கா! எங்க இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன்," என்றாள் அம்மா. "இங்கதான்டா இருக்கேன்."

படம் திரும்ப வந்தபோது மூன்று பேரும் விழுந்து கிடந்தார்கள்.

பையன்கள் நல்லவர்கள், யாரும் குறை சொல்லவில்லை. "விடுங்கக்கா, அடுத்த வருசம் பாப்போம்," என்றான் வளன். அம்மா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பருப்பு ஊறப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை எழுதியதில் ஒரு வரியை விட்டுவிட்டேன். முதல் நாள் என்ன எழுதினேன் என்று இப்போது திருப்பிப் பார்த்தேன். எதையும் விட மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அம்மா பெட்டியைத் திருப்பிப் படித்தாள் அல்லவா? அதில் நீளம் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணனிடம் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் ஷர்மிளா எதிரில், "அம்மா, உனக்கு என்ன புரியப் போகுது, வச்சிட்டு வா," என்றேன். சொல்லிவிட்டு ஷர்மிளாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள்.

நவம்பர் 10, திங்கள்

மதியச் சாப்பாட்டின்போது ஷர்மிளாவிடம் சொன்னேன். "எனக்குச் சித்தப்பா பையன் யாரும் இல்ல. ஆல்வினும் இல்ல. எங்கம்மாதான் விளையாடுறாங்க."

"யாரு, பிலோமினா மிஸ்ஸா?" அவள் கையில் சோறு அப்படியே நின்றது. "துப்பாக்கி சுடுற கேமா? சத்தியமா?"

"சத்தியமா."

"அடியேய்!" என்று அடுத்த பெஞ்சைத் தட்டினாள்.

மனசு லேசாகிவிட்டது. மாலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். போகும் வழியில் சொல்ல நினைத்து, கடை வாசலில்தான் சொன்னேன். "அம்மா, ஷர்மிளாகிட்ட உண்மையச் சொல்லிட்டேன். நீதான் ஆடுறேன்னு."

அம்மா நின்றாள். "எப்ப?"

"மத்தியானம்."

"என்னையக் கேக்கணும்னு தோணலையா?"

நான் பாராட்டுவாள் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே போனதும் இர்ஃபான் அண்ணன், "டீச்சர், தங்கச்சி இப்பத்தான் போன்ல சொன்னா! மொதல்லயே சொல்லியிருந்தா இந்த ஆனையத் தலையில கட்டியிருப்பேனா?" என்றார். பிறகு இருவரும் பேசினார்கள். பெட்டியின் உள்ளளவு, பவர் சப்ளை தாங்குமா, சூடு எங்கே வெளியேறும் என்று அம்மா கேட்கக் கேட்க அண்ணன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அட்டைப்பெட்டி பிரித்திருந்தாலும் பெரிய கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சின்னக் கார்டு இங்கே இல்லை, மதுரையிலிருந்து புதன்கிழமை வரும் என்றார்.

அம்மா எவ்வளவு பேசினாள்! வெள்ளிக்கிழமை பேச வேண்டிய பேச்சு அவ்வளவும்.

நவம்பர் 11, செவ்வாய்

இரண்டாவது பாடவேளை அம்மாவுடையது. அவள் வருவதற்கு முன்பே யாரோ கரும்பலகையில் பெரிய துப்பாக்கி ஒன்று வரைந்து, பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: 'மிஸ், நேத்து எத்தன பேரப் போட்டீங்க?'

அழிக்க வேண்டும் என்று எழுந்தேன். எழுந்து பேனாவைத் தேடுவது மாதிரி குனிந்துவிட்டேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

பலகையைப் பார்த்தாள்.

"மூணு பேரு," என்றாள் அம்மா. "நாலாவது ஆள இப்பத் தேடுறேன். ஷர்மிளா பானு, எந்திரி. வந்து இந்தக் கணக்கப் போடு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஷர்மிளா தலையில் கை வைத்துக்கொண்டு போனாள். அம்மாவும் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது, இதற்காகவா இத்தனை பொய் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதையே சொன்னேன். "பாத்தியாம்மா, ஒண்ணும் ஆகல. நீயும் சிரிச்சிட்ட."

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "டீச்சர் சிரிச்சா. வேற என்ன செய்யச் சொல்ற? நாற்பது பிள்ளைக முன்னால அழவா முடியும்?"

"கோவமா எம்மேல?"

"கோவம் இல்ல ஜெசி." கொஞ்ச நேரம் நறுக்கினாள். "நீ சின்னப் பிள்ள, பயத்துல பொய் சொன்ன. நான் எதுக்கு ஆமான்னு சொன்னேன்? அதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன். நீ சொல்லி வாய் மூடல, ஆமா பையனுக்குத்தான்னு சொல்லிட்டேன். அப்ப எனக்கும் உள்ளுக்குள்ள அது இருந்திருக்கு. இம்புட்டு நாளா இல்லன்னுதான் நெனச்சிருந்தேன்."

"எதும்மா?"

"காய எடுத்து வை," என்றாள்.

நவம்பர் 12, புதன்

கார்டு வந்துவிட்டது. இர்ஃபான் அண்ணன் தானே வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டித் தரட்டுமா என்றார். வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றாள் அம்மா. 'நாங்களே' என்று சொன்னதைக் குறித்துக்கொள்கிறேன்.

நான் செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். அம்மா கார்டைப் பிடித்திருந்த சின்னத் தாழ்ப்பாளை விரலால் அமுக்கி, பழைய கார்டை நோகாமல் எடுத்தாள். புதியதை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்து அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. முன்னால் விரல் நுழைகிற அளவு இடம் மிச்சம் இருந்தது. கம்பியைச் செருகி, திருகை முடுக்கி, தகட்டை மூடினோம். திரை வந்தது. விளையாட்டைத் திறந்ததும் மலையும் ஆறும் துடைத்து வைத்த மாதிரி தெரிந்தன. பாலத்தில் அம்மா ஓடினாள், எங்கும் நிற்கவில்லை.

"அழகா இருக்கும்மா," என்றேன். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை நாளில் ஒருதடவைகூட அப்படி உட்கார்ந்ததில்லை. இன்றிலிருந்து தினமும் உட்கார வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். எந்தத் துப்பாக்கி எதற்கு என்று கேட்க நாலைந்து கேள்விகள்கூட யோசித்து வைத்திருந்தேன்.

வளன் கூப்பிட்டான். அம்மா மைக்கை அணைத்தாள்.

"ஜெசி, நீ போய்ப் படி."

"படிச்சிட்டேன். கொஞ்ச நேரம் பாக்குறேன்மா."

"வேணாம்." என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னாள். "பக்கத்துல யாராச்சும் இருந்தா எனக்கு ஒரு மாதிரிக் கூச்சமா இருக்கு."

நாற்காலியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். அம்மா எழுந்து வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் கொக்கியையும் அவளே போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

உள்ளே பேச்சுக் கேட்கவேயில்லை. ஸ்பீக்கரை எடுத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள் போல. உற்றுக் கேட்டால் அம்மாவின் குரல் மட்டும், நோயாளி இருக்கிற வீட்டில் பேசுவது மாதிரி வந்தது. "ம்... தெரியுது தம்பி... இல்ல, சத்தமாப் பேச முடியாது." 'கவனம் எங்க இருக்கு' என்று ஒருமுறையும் சொல்லவில்லை.

எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். "அம்மா, சத்தமாவே பேசும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல."

"சரி," என்றாள்.

அதற்குப் பிறகும் மெதுவாகத்தான் பேசினாள்.

எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. ஆனால் நடந்ததை எழுதிவிட வேண்டும். அறை ஜன்னலுக்கு நேராக இருக்கும் எதிர்வீட்டு மாடியில் யாரோ நடமாடினார்கள். கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சம் போய்விட்டது. அம்மா உள்ளே விளக்கை அணைத்துவிட்டாள்.